மூன்று நாள் முன்னால் ஒரு தகவல்

2020 செப்டம்பர் 7. காலை 11 மணி 3 நிமிடம். ஒடிசா கரையோரத்து அப்துல் கலாம் தீவிலிருந்து கிளம்பிய ராக்கெட், 30 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சோதனை வாகனத்தைக் கழற்றிவிட்டது. வாகனத்தின் காற்று வாய் திறந்தது. ஒலியைவிட வேகமாக ஓடும் காற்றில், ஓட்டத்தை ஒலி வேகத்துக்குக் கீழே குறைக்காமலே எரிபொருளைப் பீய்ச்சிப் பற்றவைக்கும் ஸ்கிராம்ஜெட் இஞ்சின் அது. காற்று உள்ளே நுழைந்து வெளியேற ஆகும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் சில பங்குதான். அதற்குள் கலந்து எரிந்தாக வேண்டும். 20 விநாடிக்கு மேல் அணையாமல் எரிந்தது. வேகம், விநாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். தம்மம்பட்டியில் கிளம்பினால் அந்த 20 விநாடியில் ஆத்தூரைத் தாண்டியிருக்கும்.

அதற்கு நான்கு ஆண்டு முன்பு இஸ்ரோ இதே வகை இஞ்சினை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவி 5 விநாடி எரித்துக் காட்டியிருந்தது. அது விண்வெளிக்காக. கலாம் தீவில் சோதித்தது பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டி.ஆர்.டி.ஓ., ஏவுகணைக்காக.

இப்படிப்பட்ட சோதனை நடந்தால் பக்கத்து நாட்டுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா? சொல்லும் வழக்கம் பிறந்த கதை 1999-இல் தொடங்குகிறது. முந்தைய ஆண்டு மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அடுத்தடுத்து அணுகுண்டு வெடித்திருந்தன. 1999 பிப்ரவரியில் பிரதமர் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார். அங்கே கையெழுத்தான குறிப்பில், வில்லாக மேலெழுந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனையை முன்னதாகத் தெரிவிப்போம் என்று இரு தரப்பும் வாக்குக் கொடுத்தன. சில மாதத்தில் கார்கில் போர். வாக்கு முறையான ஒப்பந்தமாக மாற 2005 அக்டோபர் 3 வரை ஆயிற்று. அப்போதைய வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங் இஸ்லாமாபாத் போயிருந்தபோது கையெழுத்தானது. தரையிலிருந்தோ கடலிலிருந்தோ ஏவித் தரை இலக்கைத் தாக்கும் பாலிஸ்டிக் ஏவுகணை என்றால், குறைந்தது மூன்று நாள் முன்பே தகவல் தர வேண்டும். ஏவுதளம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கக் கூடாது.

ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்றே பாகிஸ்தான் விமானம்போல் தாழப் பறக்கும் பாபர் என்னும் குரூஸ் ஏவுகணையை, டெல்லிக்குச் சொல்லாமல், பறக்கவிட்டிருந்தது. சொல்ல வேண்டிய கடமை இல்லை. பேசி முடித்திருந்த வரைவில் குரூஸ் இல்லை. கண்ணெதிரே ஓட்டை தெரிந்தும் அடைக்காமல் கையெழுத்திட்டார்கள். 2016 ஜூனில் இந்தியா சேர்ந்த பன்னாட்டு ஹேக் நடத்தை நெறியும் பாலிஸ்டிக் ஏவுகணைகளோடும் விண்வெளி ராக்கெட்டுகளோடும் நின்றுவிடுகிறது.

ஓட்டையின் ஆபத்து 2022 மார்ச் 9 அன்று தெரிந்தது. பராமரிப்பின்போது தவறுதலாகக் கிளம்பிய இந்திய குரூஸ் ஏவுகணை ஒன்று எல்லை தாண்டிப் பாகிஸ்தானின் மியான் சன்னு என்ற ஊருக்கு அருகே விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இந்தியா வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 11-ஆம் தேதி. விபத்துக்கு முன்தகவல் தர முடியாதுதான். ஆனால் இன்னது, எங்கே, எப்போது பறக்கும் என்று சொல்லிப் பழகிய இருவர், சொல்லாமல் ஒன்று வந்தால் அதைப் போர் என்று எடுத்துக்கொள்ளும் முன் போனை எடுப்பார்கள்.

2024 நவம்பர் 16 அன்று கலாம் தீவிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் செல்லும், ஒலியைவிடப் பல மடங்கு வேகமான ஹைப்பர்சோனிக் ஏவுகணை பறந்தது. வழியிலே திசை மாற்றிக்கொள்ளக்கூடிய இந்த வகையை ராடார் பார்த்து, இன்னதென்று தீர்மானிக்க மிஞ்சுவது சில நிமிடம். அந்த ஸ்கிராம்ஜெட் இஞ்சினை உருவாக்கியவர்களின் திறமையில் எனக்குப் பெருமை உண்டு. அதனால்தான் கேட்கிறேன்: 2005 ஒப்பந்தத்தில் குரூஸ், ஹைப்பர்சோனிக் இரண்டையும் சேர்க்க டெல்லி முதலில் பேச்சைத் தொடங்க வேண்டும். இதற்காக ஒரு ஏவுகணையைக்கூடக் கைவிட வேண்டியதில்லை.