தோம்பில் ஏறிய பெயர்கள்

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளைப் புரட்டியவர்களுக்குத் தோம்பு புதிய சொல்லன்று. காணியின் பெயர், பரப்பு, உடையவர் எல்லாம் எழுதிவைத்த அரசாங்கப் பதிவேடு அது. போர்த்துக்கேயரின் 'டொம்பு' நம் வாயில் தோம்பாயிற்று. லிஸ்பன் அரச ஆவணக் காப்பகத்தின் பெயரிலும் இதே சொல்தான் நிற்கிறது. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தவர்கள் விட்டுச்சென்ற இந்தச் சொல்லுக்கு, 1658இல் வந்த ஒல்லாந்தர் இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத் தோம்பு என்று ஒன்று வைத்தார்கள். அவர்களுடைய புரொட்டஸ்தாந்துச் சபையின் ஞானஸ்நானமும் கலியாணமும் அதில் ஏறின. எழுதியவர் பள்ளி ஆசிரியரான சட்டம்பியார். பதியாத கலியாணம் செல்லாது. அதில் பிறந்த பிள்ளைக்கு முதுசம் கேட்க வழியில்லை.

யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவின் தோட்டக்காரரோ கடற்றொழிலாளியோ, காணி பிள்ளைகளுக்குப் போய்ச்சேர வேண்டுமென்றால் பெயர் கொடுத்தாக வேண்டும். 1663இல் யாழ்ப்பாணப் பகுதிக் கிறிஸ்தவர்கள் என்று ஒல்லாந்தப் பாதிரியார் பால்தேயு எழுதிய தொகை, அடிமைகள் நீங்கலாக, 62,558.

இந்தத் தொகைக்குள் இருந்தவர்கள் யார்? ஆட்சியாளருக்குத் தெரியாமல் விரதச் சாப்பாட்டு இலையைக் கூரை இறப்பில் செருகி ஒளித்த சைவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1687இல் மாறுவேடத்தில் வந்த கத்தோலிக்கக் குரு யோசப் வாஸ் அடிகளாரை ஒளித்துக் காத்த கதை சில்லாலைக் கத்தோலிக்கரிடம் இருக்கிறது. இரண்டும் நம்பிக்கை உள்ளவர்களின் கதை. ஒளிக்க எதுவுமில்லாமல், எந்தப் பக்கமும் மனம் வைக்காமல், கேட்ட இடத்தில் பெயர் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர்களும் அந்த 62,558இல் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவர்களுக்கு நூல்களிலும் இடமில்லை. 13ஆம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் எடுத்தவுடன் மறுக்கும் உலகாயதன் தருக்கம் படித்தவன். கடவுள் இல்லையென்று வாதாடவும் அக்கறை வேண்டும். அது இல்லாத குடியானவனுக்கு எழுத்தில் கிடைத்த இடம் தோம்பு ஒன்றுதான். அதுவும் அவனை விசுவாசியாகவே எழுதிற்று.

1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள், கட்டாயம் போயிற்று. 1806இல் யாழ்ப்பாணம் வந்த பாதிரியார் குளோடியஸ் புக்கானன் கண்ட புரொட்டஸ்தாந்துப் போதகர் ஒரே ஒருவர், தமிழகத்திலிருந்து வந்த கிறிஸ்தியன் தாவீது. போகச் சொல்ல ஆளில்லாதபோது சனம் தேவாலயத்துக்குப் போவதை விட்டுவிட்டது. மண்டைதீவில் இன்று திருவெண்காட்டுப் பிள்ளையாரும் இருக்கிறார், பேதுருவானவர் கோயிலும் இருக்கிறது; ஒளித்துக் காத்தவர்களின் சமயங்கள் இரண்டும் நிலைத்தன. பெயர் மட்டும் கொடுத்தவர்கள் காக்க நினைத்தது காணியை. அது தோம்பிலிருந்து உறுதிக்கு ஏறி, பேரப்பிள்ளைகளுக்கு முதுசமாக இறங்கிற்று.