கணக்கப்பிள்ளைகள் காப்பாற்றிய மதம்

ஆபீஸில் ஒரு வெளியூர் நண்பர் கேட்டார்: "உங்க தூத்துக்குடியில ஏன் இத்தனை பெர்னாண்டோ, மச்சாடோ, ரோச்? எல்லாரும் போர்ச்சுகல்காரங்க வம்சமா?" இல்லை, அவங்க முத்துக்குளித்துறைப் பரதவர்கள், ஞானஸ்நானத்தில் வந்த பெயர்கள் அவை என்றேன். விடவில்லை. "அப்போ பாதுகாப்புக்காக மாறினவங்கதானே?" இதுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியலை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அவர் சொன்னதில் இருக்கும் உண்மை. 1530-களில் முத்துக் குளிப்பு உரிமைக்காகப் பரதவர்களுக்கும் கடற்கரை முஸ்லிம் வணிகர்களுக்கும் கடும் மோதல். பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியர்களிடம் உதவி கேட்டார்கள். வழிகாட்டியவர் ஜான் த குருஸ் என்ற குதிரை வியாபாரி. 1535 முதல் 1537-க்குள் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1538-ல் வேதாளையில் போர்ச்சுக்கீசியக் கப்பற்படை ஜெயித்தது. ஆக, ஆரம்பம் அரசியல்தான். மறைக்க எதுவும் இல்லை.

ஆனா கதை அங்கே முடியவில்லை. 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வருகிறார். கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதைத் தவிர இவர்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை என்று கடிதம் எழுதுகிறார். குருக்கள் இல்லை, மொழி தெரிந்த ஆள் இல்லை, புத்தகம் இல்லை. அவர் செய்தது இதுதான்: தமிழ் தெரிந்தவர்களை வைத்து விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், கட்டளைகள் எல்லாவற்றையும் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணி, மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்ல வைத்தார்.

அதைவிட முக்கியம், ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளை என்று ஒருவரை வைத்தது. ஜெபம் சொல்லிக்கொடுக்க, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க, ஊர் நடப்பைக் கவனிக்க உள்ளூர் ஆளே போதும். இவர்கள் சம்பளத்துக்காக ஆண்டுக்கு 4,000 பணம் வாங்கினார் சவேரியார். அது போர்ச்சுக்கல் ராணியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கிய காசு! படித்தபோது சிரிப்பு வந்தது.

பிறகு வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அரை நூற்றாண்டு இங்கேயே வாழ்ந்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1586-ல் வந்த 'அடியார் வரலாறு' இரண்டும் அவர் உழைப்பு. இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் நம்ம தமிழில் வந்ததற்குக் காரணமே இந்தக் கடற்கரைதான்.

சரி, இப்போ உண்மையான சோதனைக்கு வருவோம். 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் புராட்டஸ்டன்ட். கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள், கோயில்களை எடுத்துக்கொண்டார்கள். பால்டேயஸ் என்ற போதகர் வந்து முயற்சி பண்ணிப் பார்த்தார். பாதுகாப்புக்காக மட்டும் மாறியிருந்தால், புது எஜமானர் மதத்துக்குத் தாவுவதுதானே லாபம்? பரதவர்கள் போகவில்லை.

காரணம் இரண்டு என்று எனக்குப் படுகிறது. ஒன்று, ஜெபம் குருக்களிடம் மட்டும் இல்லை. நூறு வருஷமாக அது வீட்டுக்குள், தமிழில், மனப்பாடமாக இருந்தது. எங்க தொழிலில் சொல்வது மாதிரி, மெயின் சர்வர் போனாலும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு காப்பி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு, வேம்பாறு முதல் மணப்பாடு வரை ஏழு துறைகளுக்கும் ஜாதித் தலைவன் என்று ஒருவர் இருந்தார். முத்துக் குளிக்க ஆள் வேண்டுமென்றால் டச்சுக்காரர் அவரிடம்தான் பேச வேண்டும். சும்மா விரட்டிவிட முடியாது.

விளைவு? தூத்துக்குடி பனிமய மாதா கோயில் 1713-ல் எழுந்தபோது ஆட்சி டச்சுக்காரருடையது! அந்த மாதாவுக்கு 1806-ல் தங்கத்தேர் செய்து கொடுத்தவரும் ஒரு ஜாதித் தலைவர்தான்.

இந்தக் கட்டுக்கோப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கோயில் ஒரு சாதியின் கைக்குள் இருந்ததால், சாதிச் சண்டையும் கோயிலுக்குள் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கோவா குருக்களா, ரோம் அனுப்பிய இயேசு சபையா என்று ஊரே இரண்டுபட்டது. 1923-ல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமானது. முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச், இந்தக் கடற்கரைச் சமூகத்துக்காரரே.

நண்பருக்கு இப்போ என் பதில் இது: ஆமா, பாதுகாப்புக்காக மாறினாங்க. ஆனா பாதுகாத்தவன் போன பிறகும் இருந்தாங்க. ஒரு சமூகத்தின் நம்பிக்கையை அளக்கணும்னா, சேர்ந்த வருஷத்தை மட்டும் பார்த்தால் போதாது. விட்டுவிட வாய்ப்பு வந்த வருஷத்தையும் பார்க்கணும்.