வேர்ட்பிரஸ் திறந்த புது வாசல்

போன பகுதியில் ரெஸ்ட் பற்றிப் பேசினோம். ராய் ஃபீல்டிங் 2000-ல் தன் ஆய்வேட்டில் வைத்த பெயர் அது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி. அந்த முகவரியிடம் 'கொடு', 'மாற்று', 'நீக்கு' என்று கேட்கலாம். அவ்வளவுதான். இன்னைக்கு வேர்ட்பிரஸ் அந்த வழிக்கு வந்த கதை.

2003-ல் பிறந்த வேர்ட்பிரஸுக்கு வெளியிலிருந்து பதிவு போட எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற பழைய வாசல் இருந்தது. எல்லா வேலைக்கும் ஒரே கோப்பு. பாதுகாப்புக்காக 2008-ல் அதை அணைத்து வைத்தார்கள். மொபைல் ஆப்கள் வந்ததும் 2012-ல் திரும்பத் திறந்தார்கள்.

2013-ல் ரையன் மெக்யூ, கூகுளின் மாணவர் திட்டத்தில், ரெஸ்ட் வசதியை ஒரு ப்ளக்இன்னாக எழுத ஆரம்பித்தார். 2015 டிசம்பரில் 4.4 பதிப்பில் அடித்தளம் மட்டும் உள்ளே வந்தது. பதிவுகளைப் படிக்க, மாற்ற உதவும் முகவரிகள் 2016 டிசம்பரில், 4.7-ல்தான் வந்தன. அதுவும் எல்லாத் தளத்திலும் தானாக இயங்கும்படி. அணைக்க அமைப்புகளில் ஒரு டிக் பெட்டிகூட கிடையாது!

அடுத்த மாசமே சுகுரி நிறுவன ஆய்வாளர் ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். கொஞ்சம் நிதானமா பாருங்க. 123-ஆம் பதிவை மாற்றச் சொல்லி, எண்ணை '123ஏபிசி' என்று அனுப்புறீங்க. அனுமதி பார்க்கும் பகுதி அந்தப் பெயரில் பதிவைத் தேடும். கிடைக்காது. பதிவே இல்லையென்றால் எதுக்கு அனுமதி கேட்கணும் என்று தடுக்காமல் விட்டுடும். அடுத்து வரும் பகுதி அதையே எண்ணாக மாற்றும். பிஹெச்பி மொழியில் அப்படி மாற்றினால் பின்னால் இருக்கும் எழுத்துகள் உதிர்ந்து வெறும் 123 ஆகிடும். கடவுச்சொல் இல்லாமலே பதிவு மாறிவிடும்.

2017 ஜனவரி 26-ல் 4.7.2 திருத்தம் வந்தது. அறிவிப்பில் வேறு மூன்று ஓட்டைகள் மட்டும் இருந்தன. இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கிளவுட்ஃப்ளேர் மாதிரி நிறுவனங்களுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லி, பிப்ரவரி 1-ல்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். மறைத்தது தப்பு என்று அப்போது சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. தானியங்கிப் புதுப்பிப்பு இருந்த தளங்களுக்கு அந்த ஆறு நாள்தான் கவசம். அதை அணைத்து வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள். சில நாட்களில் லட்சக்கணக்கான பக்கங்களில் ஹேக்கர்கள் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள்.

அதற்காக வாசலை மூடவில்லை. மூடுவது இன்னும் கஷ்டமானதுதான் மிச்சம். 2018 டிசம்பரில் 5.0-ல் வந்த குட்டன்பர்க் எடிட்டர், நீங்கள் எழுதும் பதிவைச் சேமிப்பதே இந்த ரெஸ்ட் வழியாகத்தான். யாராவது பயந்துபோய் அதை முழுசா அடைத்தால், தன் தளத்தில் தானே எழுத முடியாது.