மாதத்துக்கொரு விலை, போகத்துக்கொரு கணக்கு: கல்முனைக் கரையோர நெற்செய்கையில் விலையும் செலவும், 1942–2025

மருதமுனை என்றால் கைத்தறிச் சாரனும் சேலையுந்தான் வெளியூரார் நினைவுக்கு வரும். ஊருக்கு மேற்கே கிட்டங்கி, சவளக்கடை, நாவிதன்வெளி என்று விரிந்துகிடக்கும் வட்டைகளில் மருதமுனை, கல்முனை, சம்மாந்துறை ஆட்களின் காணிகள் இருப்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. வேளாண்மை செய்யும் வீடும் அரிசியைக் கடையில் வாங்கும் வீடும் ஒரே ஒழுங்கையில் இருக்கும் ஊர் இது. நெல் விலை விழும் மாதத்தில் ஒரு வீட்டுக்கு வயிற்றெரிச்சல், அடுத்த வீட்டுக்கு ஆறுதல்.

இக்கட்டுரை ஒரு முரண்பாட்டின் வரலாற்றைத் தேடுகிறது. இலங்கையில் விளைபொருள் விலை அடிக்கடி பதிவாகிறது. உற்பத்தியாளர் விலைகளைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் திரட்டுகிறது. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆய்வு மற்றும் பயிற்சி நிறுவகம் வாராவாரம் சந்தை விலைகளை வெளியிடுகிறது. செய்கைச் செலவோ போகத்துக்கு ஒரு முறைதான் கணக்காகிறது. அது பேராதனையிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் வேலை. அமெரிக்காவில் விவசாயி பெறும் விலையும் அவர் கொடுக்கும் விலையும் ஒரே மாத ஏட்டில் அருகருகே அச்சாகின்றன. 1910–14 காலத்தை அடிப்படையாக வைத்து இரண்டையும் ஒப்பிடும் வழக்கமும் அங்கே பழையது. இங்கே விலை ஓர் ஏட்டில், செலவு இன்னோர் ஏட்டில். விவசாயியின் நட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்து காணாமற் போகிறது என்பதே என் வாதம்.

அரசு நெல் விலைக்குள் வந்தது விவசாயிக்காக அல்ல. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு அட்டைக்கு அரிசி வேண்டியிருந்ததால் அவ்வாண்டில் உள்நாட்டுக் கொள்வனவுத் திட்டம் பிறந்தது. 1948இல் அது உத்தரவாத விலைத் திட்டமாயிற்று. புசலுக்கு 8 ரூபாய். 1950களின் தொடக்கத்தில் அது 12 ரூபாயாகி, 1967 வரை அசையவில்லை. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஒரே விலை! அந்த விலையில் என்ன மிஞ்சுகிறது என்று வயலில் இறங்கி எண்ணிப்பார்த்தவர்கள் குறைவு. பங்கீட்டு அரிசியின் விலையைக் கூட்டியதற்கு 1953 ஓகஸ்டில் ஹர்த்தால் வெடித்து, அரசின் அடித்தளமே ஆடியது. வாங்குபவரின் கோபத்துக்கு இருந்த பலம் விற்பவரின் முணுமுணுப்புக்கு இருக்கவில்லை.

அதே காலத்தில் கிழக்கின் நிலமே மாறிக்கொண்டிருந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலவில் பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. கடலோரப் பழைய வட்டைகள் வாய்க்காலின் கடைசியில் அகப்பட்டன. மழையை நம்பிய பெரும்போகத்தோடு வாய்க்கால் தண்ணீரை நம்பிய சிறுபோகமும் சேர்ந்தது, விளைச்சல் கூடியது. முன்பு மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த இப்பிரதேசம் 1961இல் அம்பாறை என்று தனி மாவட்டமானது. ஆனால் இரண்டு போகம் என்றால் இரண்டு உழவு, இரண்டு விதைப்பு, இரண்டு முறை கடன். போடியாரிடம் நிலமும் முல்லைக்காரரிடம் உழைப்பும் இருந்து, கூலியில் பெரும்பகுதி நெல்லாகவே களத்தில் அளக்கப்பட்ட வரையில், விலை விழுந்தாலும் செலவின் ஒரு பங்கு அதனோடு சேர்ந்தே விழுந்தது. உழவு இயந்திரமும் பசளையும் வந்த பின் செலவு காசாகியது. நெல்லாகக் கொடுத்த செலவு நெல் விலையோடு இறங்கும். காசாகக் கொடுத்தது இறங்காது. இந்த மாற்றத்தை விலைப் பட்டியல்கள் காட்டுவதில்லை.

பசளை மானியம் 1962இல் தொடங்கியது. 1970களின் முற்பகுதியில் நெல் சந்தைப்படுத்தல் சபை வந்தது. தனியார் வியாபாரம் முடக்கப்பட்டு, மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோவதற்கே வீதித் தடை போடப்பட்ட காலம் அது. 1974இல் உத்தரவாத விலை புசலுக்கு 33 ரூபாய் வரை ஏறியது. ஆனால் அதே ஆண்டுகளில் உலக எண்ணெய் நெருக்கடியால் பசளையின் விலையும் ஏறியது. 1977க்குப் பின் சந்தை திறந்தது. 1990களில் சபை ஒதுங்கியது. 2000களின் பிற்பகுதியில் மீண்டும் கொள்வனவுக்கு வந்தது. இடையில் யுத்தம். வட்டைக்குப் போக முடியாத போகங்களை எந்தச் செலவு ஏடும் பதிவதில்லை. விதைக்காத வயலுக்குச் செலவு சுழியம், இழப்பு முழுமை.

விலைக்கும் செலவுக்கும் உள்ள உறவை அளக்க விவசாயிகளிடமே ஓர் எளிய கணக்கு உண்டு: ஒரு மூடை யூரியாவுக்கு எத்தனை கிலோ நெல் விற்க வேண்டும்? 2005இன் பிற்பகுதியில் 50 கிலோ மூடை மானியத்தில் 350 ரூபாய்க்கு வந்தது. அப்போது நாட்டு நெல்லின் உத்தரவாத விலை கிலோ 16.50 ரூபாய். ஆக 21 கிலோ. 2008இல் விலை 28 ரூபாயாக உயர்ந்ததும் அது 12.5 கிலோவாகியது. 2018இல் மூடை 500 ரூபாய், நெல் 38 ரூபாய், 13 கிலோ. இந்த ஆண்டுகள் விவசாயிக்குச் சாதகமாகத் தோன்றும். ஆனால் சாதகம் யூரியாவில் மட்டுமே. கூலியும் குத்தகையும் அந்தக் கணக்குக்குள் இல்லை. மானியத்தைப் பார்த்து நிலச்சொந்தக்காரர் குத்தகையைக் கூட்டினால், அரசு கொடுத்த காசு உழுபவரின் கையில் தங்காது. குத்தகையை விளைச்சலின் ஒரு பங்குக்குள் கட்டுப்படுத்த 1958இன் நெற்காணிச் சட்டம் தொட்டு முயற்சி நடந்திருக்கிறது. போகத்துக்குப் போகம் வாய்ப்பேச்சில் நிலம் கைமாறும் இடத்தில் சட்டம் எட்டும் தூரம் கொஞ்சந்தான்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பர் இறுதியில் தடை விலகியபோது பெரும்போக விதைப்பு முடிந்திருந்தது, டொலரும் இல்லை. 2022இன் முதல் மாதங்களில் யூரியா மூடை கறுப்புச் சந்தையில் 30,000, 40,000 ரூபாய் என்று பேசப்பட்டது. நெல் கிலோவுக்கு அரசு அறிவித்திருந்த விலை 75 ரூபாய். அதாவது ஒரு மூடைக்கு நானூறு, ஐந்நூறு கிலோ நெல். ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு மூடை யூரியா போடும் வழக்கமுள்ள வயலில் இது எவ்வகையிலும் கட்டாது. பலர் போடாமலே விட்டார்கள், விளைச்சலும் விட்டுப்போனது.

2022 சிறுபோகத்தை மாத வரிசையில் பார்த்தால் இந்தக் கட்டுரையின் வாதம் துலங்கும். முந்திய டிசம்பரில் டீசல் லீற்றர் 121 ரூபாய். மார்ச்சில் 176. ஏப்ரலில் 289. மே 24இல் 400. ஜூன் 26இல் 460. உழுதவர் ஒரு விலையில் உழுதார். வெட்டும் மெசினைப் பிடிக்கும் நாளில் வேறொரு விலை. ஓகஸ்டில் டீசல் 430 ரூபாய்க்கு இறங்கியிருந்தாலும், கமநல சேவை நிலையத்தின் கடிதத்தோடு கொள்கலனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற நேரத்துக்கு விலை போட்டது யார்? இந்தியக் கடனில் வந்த யூரியா மூடை 10,000 ரூபாய்; நெல் விலை 120 ரூபாய்; 83 கிலோ. போக முடிவில் இவை யாவும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே சராசரியாக ஏட்டில் ஏறிவிடும். ஏப்ரலில் உழுதவரும் மே இறுதியில் உழுதவரும் அந்தச் சராசரிக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள்.

திணைக்களத்தின் செலவு ஏட்டுக்கு நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அது இரண்டு கணக்குகளைத் தருகிறது: குடும்ப உழைப்புக்கும் சொந்தப் பொருளுக்கும் மதிப்புப் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. போடாத கணக்கில் இலாபமாகத் தெரிவது போட்ட கணக்கில் கரைந்துவிடும். மேடைகளிலும் பத்திரிகைகளிலும் எந்தக் கணக்கு எடுபடும் என்பது பேசுபவர் யார் என்பதைப் பொறுத்தது. இந்தியாவிலும் 1965 முதல் விலை ஆணைக்குழு இருந்தும், எந்தச் செலவின் மேல் ஆதரவு விலை நிர்ணயிப்பது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

இனி மாத விலை. பெரும்போக நெல் நாட்டிலேயே முந்தி வருவது அம்பாறை, மட்டக்களப்புப் பக்கத்தில். ஜனவரி பிற்பகுதியிலேயே மெசின் இறங்கிவிடும். மழை முற்றாக ஓயாத காலம். சபை 14 சதவீத ஈரத்துக்கு மேல் எடுப்பதில்லை. காயவைக்க இடமில்லாதவர் களத்தடியிலேயே வியாபாரியிடம் ஈர நெல்லைக் கொடுக்கிறார். மூடை நிறையில் ஈரத்துக்கென்று ஒரு கழிவு, சாக்குக்கென்று ஒரு கழிவு. பசளைக் கடைக் கடனும் மெசின் கூலியும் அன்றே கேட்கும். அடகில் நகை இருக்கும். ஒக்டோபர், நவம்பரில் விலை ஏறுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த ஏற்றம் நெல்லை அதுவரை வைத்திருக்கக்கூடியவருக்கு. ஆகவே ஆண்டுச் சராசரி விலை என்பது சம்மாந்துறை ஆலைக்காரருக்கு ஓரளவு பொருந்தலாம். பெப்ரவரியில் விற்று முடித்தவருக்கு அது யாரோ ஒருவரின் விலை.

2025இல் இது மீண்டும் நடந்தது. நாட்டு நெல் 120, சம்பா 125, கீரிச் சம்பா 132 ரூபாய் என்று அரசு அறிவித்தது பெப்ரவரி 5இல். அம்பாறையில் அதற்குள் அறுவடை தொடங்கிவிட்டது. முதல் வாரங்களில் விற்றவர்களின் நெல் அறிவிக்கப்படாத விலையில் போனது.

அந்தப் போகத்துக்குப் பசளை மானியம் ஹெக்டயருக்கு 25,000 ரூபாயாகக் கூட்டப்பட்டது. 2016இல் பசளைக்குப் பதிலாகக் காசு கொடுத்தபோதும் ஹெக்டயருக்கு 25,000 ரூபாய்தான். ஆனால் அது ஆண்டுக்கு, போகத்துக்கு 12,500. இப்போது தொகை இரு மடங்கு. நாட்டு நெல்லின் உத்தரவாத விலையால் வகுத்தால், 2016இல் அந்த 12,500 ரூபாய் 329 கிலோ நெல்லுக்குச் சமம். 2025இல் 25,000 ரூபாய் 208 கிலோவுக்குச் சமம்.