பெருங்கரடி ஏரிக் கரையிலே

கனடா நாட்டின் வடபால், வட துருவ வட்டத்தை ஒட்டி, பெருங்கரடி ஏரி என்னும் மாபெரும் நன்னீர் ஏரி ஒன்று பரந்து கிடக்கிறது. அதன் கீழைக் கரையில் 1930-ஆம் ஆண்டு ஜில்பர்ட் லபைன் என்பவர் ஒரு கருநிறத் தாதுவைக் கண்டார். அதன் வரலாற்றையே நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அத்தாதுவில் ரேடியமும் யுரேனியமும் கலந்திருந்தன. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ரேடியத்தை நாடிய காலம் அது. யுரேனியத்துக்கு அன்று மதிப்பு மிகக் குறைவு. உலகப் போர் இந்நிலையைத் தலைகீழாக்கிற்று. 1940-இல் மூடப்பட்ட சுரங்கம், 1942-இல் யுரேனியத்தின் பொருட்டே மீண்டும் திறக்கப்பட்டது. 1944-இல் அரசாங்கமே அதனை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்துக்கு அங்கிருந்தும் யுரேனியம் சென்றது. 1960-இல் யுரேனியம் தோண்டும் பணி முடிவுற்றது.

தாது மூட்டைகளைத் தோளிலே சுமந்து படகில் ஏற்றியவர்களுள் டெனே என்னும் பழங்குடியினரும் இருந்தனர். ஏரியின் மேற்கே உள்ள டேலினே அவர்களுடைய ஊர். அம்மூட்டைகளின்மீதே அமர்ந்தும் உறங்கியும் பயணம் செய்ததை முதியோர் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். அதிலுள்ள ஆபத்தையோ, தாம் சுமந்த தாது எதற்கு என்பதையோ அவர்களுக்குச் சொன்னவர் இல்லை. உண்மை தெரிந்தபின், 1998 ஆகஸ்டில் அவ்வூரார் சிலர் ஹிரோஷிமாவுக்கே சென்று தம் வருத்தத்தைத் தெரிவித்தனர்.

1999-இல் கனடா அரசும் டேலினே மக்களும் சேர்ந்து ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தனர். சுமந்தவர்களின் நோய்க்குக் கதிரியக்கமே காரணம் என்று உறுதியாகக் கூற இயலவில்லை என 2005-இல் வந்த அறிக்கை தெரிவித்தது. 2007-இல் சுரங்க வாய்கள் அடைக்கப்பட்டன. கதிர்வீச்சு மிகுந்த இடங்கள் மூடப்பட்டன. ஆயினும் கழிவில் பெருமளவு முன்பே ஏரியில் கொட்டப்பட்டுவிட்டது.

ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் செல்லும். ஆதலின் மண்ணை இட்டு மூடுவதோடு துப்புரவு முடிந்துவிடுவதில்லை. நீரையும் நிலத்தையும் தலைமுறைதோறும் சோதித்து வரவேண்டும். சோதனையில் கண்டதை அம்மக்களிடம் ஒளியாது சொல்லவும் வேண்டும். பாட்டன்மாருக்குச் சொல்லாமல் விட்டதைப் பேரப்பிள்ளைகளுக்கேனும் சொல்வதுதான் அப்பணியில் தலையாயது என்பது என் கருத்து.