கொல்லிமலை அடிவாரத்துக் காந்தள்

கொல்லிமலையில் குடியிருந்தவர்கள் தங்கள் ஊரைச் சுற்றி என்ன வளர்த்தார்கள் என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சாட்சி கபிலர். குறுந்தொகையின் நூறாவது பாட்டில், வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையைச் சொல்லும்போது அங்கிருக்கும் ஒரு சிற்றூரையும் காட்டுகிறார். அருவி பாயும் நிலத்தில் ஐவன நெல் விதைத்திருக்கிறார்கள். ஊடே முளைத்த மலைமல்லிகையையும் மரலையும் களையாகப் பிடுங்குகிறார்கள். பசி வந்தால் யானைத் தந்தத்தை விற்றுச் சாப்பிடுகிறார்கள். அந்த ஊருக்கு வேலி, காந்தள். பாட்டு காதலியைப் பற்றியது. கொல்லிப்பாவையோடு அவளை ஒப்பிடுவதுதான் புலவருடைய வேலை. வேலியைப் போகிற போக்கில் ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார். அதனாலேயே எனக்கு அந்தத் தகவலில் நம்பிக்கை அதிகம். புகழ்வதற்காகச் சேர்த்த அலங்காரம் அல்ல அது. அங்கே கண்ணில் பட்டது.

நான் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் சேந்தமங்கலம் பக்கம். வாசலில் நின்றால் கிழக்கே கொல்லிமலை தெரியும். வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: “காந்தளைப் பார்த்தவங்க யாரு?” ஆரம்ப வருஷங்களில் பாதிக் கைகள் உயரும். “கண்வலிப்பூதானே டீச்சர்” என்பார்கள். கடைசி வருஷங்களில், பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்தவர்கள்தான் இருந்தார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் அது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செடியைத் தெரியவில்லை.

எங்கள் சிறு வயதில் தோட்டத்துக்குக் கம்பி வேலி கிடையாது. முள்கிளுவைதான். கிளையை ஒடித்து வரிசையாக நட்டால் தழைத்துக்கொள்ளும், முள்ளும் இருக்கும், ஆடு மாடு நுழையாது. கோடை முழுக்கக் குச்சி குச்சியாக நிற்கும் அந்த வேலி மழை பிடித்ததும் பச்சை கட்டும். அதோடு சேர்ந்து அடியிலிருந்து காந்தளும் கிளம்பும். அதற்குத் தனிப் பற்றுக்கம்பி கிடையாது. ஒவ்வொரு இலையின் நுனியும் நீண்டு சுருண்டு, கிடைத்த குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசிக்குள் ஆள் உயரம் ஏறிவிடும். பிறகு வேலி முழுக்கப் பூ.

என் அம்மாயி அதைக் கிட்டப் போய்ப் பார்க்க விடமாட்டார். “எட்ட நின்னு பாரு கண்ணு, கண்ணு நோவும்” என்பார். உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று ஊரே நம்பியது. ஆனால் ஒருநாளும் அந்தக் கொடியை வெட்டி எறிந்ததில்லை. வேலி ஓரம் மண் கொத்தும்போது கிழங்கு தட்டுப்பட்டால் கொத்தை நிறுத்திவிட்டுக் கையால் மண்ணை மூடுவார். நேராகத் தொட்டிக்குப் போய்க் கையைத் தேய்த்துக் கழுவுவார். அந்தக் கிழங்கை எலியும் தொடாது என்பது அவர் வாக்கு. கபிலர் காட்டிய ஊர் காந்தளை ஏன் வேலியில் வைத்தது என்று யோசிக்கும்போது எனக்கு அம்மாயியின் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது. பன்றி கிளறும் மலையில், தின்றால் ஆகாத கிழங்கு ஓரத்தில் இருப்பது அவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

பூவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரிய விரிய ஆறு இதழ்களும் பின்னால் மடங்கி மேல்நோக்கி நிமிர்ந்துவிடும். ஓரங்கள் நெளி நெளியாக இருக்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள். அடுத்து அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும். பிறகு முழுச் சிவப்பு. ஒரே கொடியில் கீழே சிவந்த பூவும் மேலே மஞ்சள் பூவும் ஒன்றாகத் தெரிவது அதனால்தான். ஆறு மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிந்து நிற்க, நடுவில் இருக்க வேண்டிய சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாகத் திரும்பிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல் இருக்க இந்தப் பூ செய்துகொண்ட ஏற்பாடு. சங்கப் புலவர்கள் இதைப் பெண்ணின் விரல்களுக்கு உவமை சொன்னது சும்மா இல்லை. குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கத் தொடங்கும் கபிலர், முதலில் வைப்பதும் இதைத்தான்.

ஜெர்மனியில் இருக்கும் என் மகள் ஒருமுறை சைக்ளமென் என்ற பூவின் படம் அனுப்பி, “அம்மா, இது நம்ம ஊர்ல வருமா?” என்று கேட்டாள். மத்தியதரைக் கடல் ஓரத்து மலைகளைச் சேர்ந்த செடி அது. அதில் குளிர் தாங்கும் சில வகைகள் கோடையில் இலையெல்லாம் உதிர்த்து மண்ணுக்குள் வெறும் கிழங்காகத் தூங்கும். முதல் இலையுதிர்கால மழைக்கு எழுந்து, இதழ்களைப் பின்னால் மடக்கிக்கொண்டு பூக்கும். பனியிலும் பிழைக்கும். கிழங்கு விஷம். ஊட்டி மாதிரியான குளிர்ந்த இடத்தில் தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். சேலத்து வெயிலில் அது தாங்காது. நான் அவளுக்கு எழுதினேன்: அங்கே சைக்ளமென் செய்வதையெல்லாம் இங்கே நம் வேலியில் காந்தள் செய்கிறது, அம்மாயி தோட்டம் ஞாபகம் இருக்கிறதா என்று. கோடையில் தூக்கம், மழையில் விழிப்பு, மடங்கிய இதழ், விஷக் கிழங்கு. இத்தனை ஒற்றுமை இருந்தும் இரண்டும் வேறு வேறு குடும்பம்.

காந்தளை ஐரோப்பாவும் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. கொச்சியில் டச்சுக் கவர்னராக இருந்த வான் ரீட் தொகுத்த ‘ஹோர்டுஸ் மலபாரிக்கஸ்’ நூலின் ஏழாம் தொகுதி 1688இல் வந்தது. அதில் மலையாளத்து மேந்தோன்னி என்ற பெயரில் இதன் படம் இருக்கிறது. 1753இல் லின்னேயஸ் ‘குளோரியோசா சுப்பர்பா’ என்று பெயர் வைத்தார். அங்கே கண்ணாடிக்கூடத்தில் வளர்க்கும் அரிய பூவானது. இங்கே நம் பக்கம் நடந்தது வேறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியும் பழமரங்களும் கொண்டுவந்து வைத்தார். வெளியிலிருந்து வந்தவற்றுக்குத் தோட்டம் கிடைத்தது. மலையிலேயே இருந்த காந்தளுக்குப் பழைய புதரோரம்தான்.

1820இல் பாரிசில் பெல்லத்தியே, கவந்தூ என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஐரோப்பியக் கிழங்குச் செடி ஒன்றிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார்கள். பின்னால் கோல்கிசின் என்று பெயர் பெற்றது அதுதான். பெருவிரல் மூட்டு வீங்கி உயிர் போகிற வலி தரும் கௌட் நோய்க்கு அந்தச் செடியை அங்கே நெடுங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். அதே கோல்கிசின் காந்தள் கிழங்கிலும் இருப்பதை 1915இல் இங்கிலாந்து வேதியியலாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். குறுந்தொகை முதன்முதலாக அச்சேறியதும் 1915இல்தான். சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பித்தார். காந்தள் வேலியைச் சொன்ன பாட்டு ஏட்டிலிருந்து வெளியே வந்ததும், கிழங்குக்குள் இருந்த மருந்து வெளியே தெரிந்ததும் ஒரே வருஷம். இந்தப் பொருத்தத்தை முதலில் கவனித்தபோது எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

மருந்து என்று தெரிந்த பிறகு செடியின் கதி மாறியது. நம் மலைகளில் கிழங்கு தோண்டி நாட்டு மருந்துக் கடைகளுக்குக் கொடுப்பது பழைய வழக்கம்தான். சித்த வைத்தியர்கள் அதை முறையாகச் சுத்தி செய்தே பயன்படுத்தினார்கள். ஆனால் கம்பெனிகள் கேட்டது விதையை. விதையில் கோல்கிசின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றாலும் அதைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியானது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரத்துச் செம்மண் காடுகளில் இது பயிராகவே ஏறியது. விதை இத்தாலி போன்ற நாடுகளுக்கும் போகிறது. அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் தோட்டத்துக்கு ஒரு கார்த்திகையில் போயிருந்தேன். வரிசை வரிசையாகக் கம்பிப் பந்தல். கொடி தாங்க சில இடங்களில் நம் ஊர்க் கிளுவையையே நட்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் பெண்கள் வரிசையில் இறங்கிவிட்டார்கள். ஒரு பூவின் மகரந்தத் தாளைக் கிள்ளி, இன்னொரு பூவில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சூல்தண்டின் நுனியில் தொட்டுத் தொட்டு நகர்கிறார்கள். இப்படிக் கையால் மகரந்தம் சேர்த்தால்தான் காய் நிறையப் பிடிக்கும். வெயில் ஏறிவிட்டால் பலன் குறையும். பூ இருக்கும் நாளெல்லாம், பண்டிகை என்றும் பாராமல், இந்த வேலை ஓடியாக வேண்டும்.

விலை அவர்கள் கையில் இல்லை. ஒரு வருஷம் நன்றாக ஏறும். அதை நம்பி அடுத்த வருஷம் கூடுதலாக நட்டால் சரிந்துவிடும். வாங்குகிறவர்கள் சிலர், விற்கிறவர்கள் பலர். அரசு ஒரு கொள்முதல் விலையை அறிவிக்க வேண்டும் என்று விவசாயிகள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். கேட்பது நியாயம். மாநில மலர் என்று சொல்லிவிட்டு, அதை விளைவிக்கிறவரை வியாபாரியின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவைப்பது சரியில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில் வேறொரு கிழங்குக்குத்தான் காலம் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சேலத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில் மரவள்ளியைக் காடு முழுக்கப் பரப்பியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. அந்த மரவள்ளியால் நிறையக் குடும்பங்கள் தலையெடுத்தன. என் தம்பி படித்ததும் அந்தக் காசில்தான். அதே காலத்தில் உழவு ஓட்ட இடம் கூட வேண்டும் என்று கிளுவை வேலிகளைப் பிடுங்கிக் கல்காலும் கம்பியும் போட்டார்கள். வேலி போனதும் அதன் அடியில் இருந்த கிழங்குகளும் போயின. யாரும் காந்தளை அழிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அது இருந்த இடத்தை எடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

ஈழத்தமிழர் இதைக் கார்த்திகைப் பூ என்று தங்கள் இறந்தவர்களின் நினைவோடு சேர்த்துவைத்திருக்கிறார்கள். ஜிம்பாப்வேக்கும் இதுதான் தேசிய மலர். இத்தனை பேர் கொண்டாடும் பூ, கபிலர் காட்டிய மலையின் அடிவாரத்தில் வீட்டு வேலிக்குத் திரும்ப வர வேண்டும் என்பது என் ஆசை. நான் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். அதனால் செய்முறையையும் சொல்கிறேன்.

கிழங்கு கவட்டை போல, கலப்பை போல இருக்கும். முளை வருவது அதன் நுனிக் கண்ணில் மட்டும்தான். அந்த நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. ஆகவே கிழங்கைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குங்கள். ஆடியில், தண்ணீர் தேங்காத செம்மண்ணில், நாலு விரல் ஆழத்தில் படுக்கவைத்து மூடுங்கள். பக்கத்தில் ஒரு கிளுவைக் குச்சியை ஊன்றுங்கள். தை, மாசியில் கொடி மஞ்சளித்துக் காய்ந்தால் செத்துவிட்டது என்று நினைத்துத் தோண்டாதீர்கள். தண்ணீரை நிறுத்திவிட்டு விட்டுவிடுங்கள். விதை போட்டு வளர்த்தால் பூக்க மூன்று நாலு வருஷம் ஆகும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கிழங்கு, விதை, இலை, பூ எல்லாமே விஷம். தின்றால் உயிர் போகும். அதற்கென்று தனி முறிவு மருந்து ஆஸ்பத்திரியில் கிடையாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டிலும், ஆடு கட்டும் இடத்திலும் வைக்காதீர்கள். சர்க்கரைவள்ளி போடும் பாத்தி பக்கமே வேண்டாம். யார் சொன்னாலும் வீட்டு மருந்தாக முயல வேண்டாம். கிழங்கைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நடவுக் காலமான அதே ஆடி 17, 18இல் கொல்லிமலை செம்மேட்டில் அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. மலர்க் கண்காட்சியும் உண்டு. ரோஜாவும் கார்னேஷனும் வைத்து உருவங்கள் செய்கிறார்கள். தோட்டக்கலைத் துறை அங்கே ஒரு ஓரத்தில், விவசாயிகளிடம் வாங்கிய காந்தள் கிழங்கை எச்சரிக்கைத் தாளோடு விற்பனைக்கு வைக்க வேண்டும். அதுவரை நீங்கள் வாங்குவதானால் மூலனூர்ப் பக்கத்து விவசாயியிடம் விலை கொடுத்து வாங்குங்கள். கொல்லிமலைக் காட்டில் மிச்சம் இருப்பதைத் தோண்டாதீர்கள்.