மயிலாப்பூரில் தொடங்கிய எல்லைக்கோடு

ராயப்பேட்டை நெடுஞ்சாலையில், மயிலாப்பூர் பக்கம், பொட்டி ஸ்ரீராமுலு நினைவு இல்லம் இருக்கிறது. பேருந்தில் தினமும் அதைக் கடப்பவர்களில் பலருக்கு, இந்தியாவின் வரைபடம் மாறியதற்கும் அந்த வீட்டுக்கும் உள்ள தொடர்பு தெரியாது.

1952 அக்டோபர் 19 அன்று, தெலுங்கு பேசுவோருக்குத் தனி மாநிலம் கேட்டு ஸ்ரீராமுலு அங்கே உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 இரவு இறந்தார். நான்கே நாளில் ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1-இல் அது பிறந்தது. அடுத்து பசல் அலி ஆணையம் வந்தது. 1956 நவம்பர் 1-இல் மொழியை முதன்மையாக வைத்து இந்தியா 14 மாநிலங்களாகவும் 6 ஒன்றியப் பகுதிகளாகவும் பிரிக்கப்பட்டது.

இதே ஸ்ரீராமுலு 1946-இல் நெல்லூர் மூலப்பேட்டை வேணுகோபால சுவாமி கோயிலைத் தலித்துகளுக்குத் திறந்துவிடக் கோரியும் பட்டினி கிடந்தவர். மொழிக்காக இறந்தவரை ஒரு மாநிலமே கொண்டாடுகிறது. கோயில் கதவுக்காகப் பட்டினி கிடந்தவரை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

அண்ணல் அம்பேத்கர் 1955-இல் 'மொழிவாரி மாநிலங்கள் குறித்த சிந்தனைகள்' நூலில் எழுப்பிய கேள்வியும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஒரு மாநிலத்துக்கு ஒரு மொழி என்பதை அவர் ஏற்றார். ஆனால் மொழிக்கு அடியில் சாதி இருப்பதைக் காட்டினார். ஆந்திராவில் நிலமும் பதவியும் வணிகமும் ரெட்டி, கம்மா, காப்பு சாதியினரிடம். தீண்டப்படாதோர் அவர்களை அண்டி வாழ வேண்டிய நிலை. மாநிலம் பெரிதானால் பெரும்பான்மைச் சாதியின் பிடியும் பெரிதாகும் என்று எச்சரித்தார். அதனால் உத்தரப் பிரதேசத்தை மூன்றாகவும், பீகாரையும் மத்தியப் பிரதேசத்தையும் இரண்டிரண்டாகவும் பிரிக்கச் சொன்னார். 2000-இல் அந்த மூன்று மாநிலங்களும் உடைந்தன. ஆனால் அப்போது சிறுபான்மைச் சாதிகளின் பாதுகாப்பு யாருடைய கணக்கிலும் இல்லை.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? மொழி ஒன்றானால் மக்கள் ஒன்றாகிவிடுவார்கள் என்று சொல்லித்தான் மாநிலம் அமைத்தார்கள். சேரியில் பேசுவதும் தமிழ்தான், ஊரில் பேசுவதும் தமிழ்தான். நடுவில் இருக்கிற கோட்டை எந்த ஆணையமும் அளக்கவில்லை. சென்னையின் நடுவில், கால்வாய்க் கரையிலும் ஆற்றங்கரையிலும் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது, அவர்கள் பேசிய தமிழ் அவர்களைக் காப்பாற்றவில்லை.

மாநில எல்லை எங்கே முடிகிறது என்பது பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. ஊர் எங்கே முடிந்து சேரி எங்கே தொடங்குகிறது என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அழிக்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

ஜெய் பீம்.